வந்த கோப்பும் போன கோப்பும்

கருங்குன்றுக்குக் கிழக்கே ஒரு மடம். மேற்கே ஒரு மடம்.

இரண்டும் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்தவைதான். மடத்தை நிறுவிய பெரியவர் சமாதியான பிறகு, அவர் எதை யாரிடம் எப்போது சொன்னார் என்று பேச்சு எழுந்தது. பேச்சு சண்டையாயிற்று. பாதிப் பேர் மலையைத் தாண்டி மேற்கே போய்விட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு தலைமுறைக் காலம் இரண்டு மடங்களுக்கும் நடுவே பேச்சுவார்த்தை இல்லை.

கிழக்கு மடத்துக்கு இப்போது தலைவி மெய்யம்மை. நாற்பதைத் தாண்டியவர். அவருக்குச் சீடராக வந்தவர் தாணுலிங்கம். அவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது.

தாணுலிங்கம் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பெட்டியைத் திறக்கச் சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவர். மனைவி காலமான பிறகு வீட்டில் இருக்கப் பிடிக்காமல் மடத்துக்கு வந்தார். ஊரை விட்டு வந்தாலும் பழக்கம் விடவில்லை. முதல் நாள் மடத்தில் கொடுத்த கஞ்சியைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார். மெய்யம்மை அதைப் பார்த்தார்.

மடத்தின் வேலை மலையை அறிந்து வைத்திருப்பது. ஆடு மேய்ப்பவர்கள், தேன் எடுப்பவர்கள், உச்சிக் கோயிலுக்குப் போகிற அடியார்கள் எல்லோரும் மடத்தில் நின்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். எந்தப் பாதை நல்லது? எந்தச் சுனையில் தண்ணீர் இருக்கிறது? எந்தப் பக்கம் கரடி நடமாட்டம்?

முன்பெல்லாம் ஆட்களின் நினைவில் இருந்த இந்த அறிவு இப்போது கணினியில் இருந்தது. அதைத் தலைப்பு வரைபடம் என்றார்கள். ஒவ்வொரு சுனையும் அதில் ஒரு தலைப்பு. ஒவ்வொரு பாதையும் ஒரு தலைப்பு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோடுகள் ஓடும். கோட்டைத் தொட்டால், அந்தச் செய்தியைச் சொன்னவர் யார், அது எந்தப் பருவத்துக்குப் பொருந்தும் என்று காட்டும்.

வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மெய்யம்மை தாணுலிங்கத்திடம் கொடுத்திருந்தார். அவர் அதைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்தார்.

அந்த வருஷம் பங்குனியிலேயே வெயில் கொளுத்தத் தொடங்கியது. சித்திரை முழுநிலவு நாளில் இரண்டு பக்கத்திலிருந்தும் அடியார்கள் மலை ஏறுவார்கள். மேற்கு மடத்தின் தலைவர் நல்லசிவம் ஆள் அனுப்பியிருந்தார்.

"எங்கள் பக்கம் எங்களுக்குத் தெரியும். உங்கள் பக்கம் உங்களுக்குத் தெரியும். ஏறுகிறவனுக்கு இரண்டும் தெரிய வேண்டும். எங்கள் வரைபடத்தை ஏற்றுமதி செய்து கோப்பாகக் கொடுத்தனுப்பியிருக்கிறோம். உங்களுடையதை அனுப்பினால் நாங்களும் இறக்குமதி செய்துகொள்கிறோம்."

வந்தவர் சொல்லிவிட்டு, ஒரு சிறு பென்டிரைவை வைத்துவிட்டுப் போனார்.

தாணுலிங்கம் அதைத் தொடவில்லை. தேளைப் பார்ப்பது போல் பார்த்தார்.

"இத்தனை காலம் இல்லாம இப்ப எதுக்கு அம்மா?" என்று கேட்டார்.

"வெயில் ஜாஸ்தி," என்றார் மெய்யம்மை.

"வெயில் எல்லா வருஷமும்தான் அடிக்கு. இவங்களை நம்பலாமா?"

"சோதிச்சுப் பாருங்க ஐயா."

தாணுலிங்கம் திகைத்தார். நம்ப வேண்டும், சந்தேகம் பாவம் என்று ஏதாவது கதை சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தார்.

"சோதிக்கலாமா?"

"நல்லா சோதிங்க. மலை விஷயம்."

அன்றிலிருந்து தாணுலிங்கத்துக்குப் பத்து வயது குறைந்தது. மேற்கிலிருந்து வந்த கோப்பை அவர் மடத்தின் வரைபடத்தோடு சேர்க்கவில்லை. தனியாக ஒரு பிரதியில் இறக்கினார். துறைமுகத்துக் கிடங்கில் சந்தேகச் சரக்கை ஒதுக்கி வைப்பது போல ஒதுக்கி வைத்து, ஒவ்வொரு தலைப்பாகத் திறந்தார்.

கிழக்கே ஆனைக்கல் என்பதை அவர்கள் யானைமுடி என்று எழுதியிருந்தார்கள். மென்பொருள் இரண்டும் ஒரே இடம் என்று கண்டுபிடித்து ஒரே தலைப்பாக்கியது. தாணுலிங்கம் முகத்தைச் சுளித்தார். இன்று பெயரை மாற்றுவார்கள், நாளைக்கு இடத்தையே தங்களுடையது என்பார்கள்.

அடுத்ததாக இரட்டைப்பாறைப் பாதை. அது அடைபட்டுவிட்டது, அந்த வழியாக யாரையும் அனுப்ப வேண்டாம் என்று கோப்பு சொன்னது.

அவர் எழுந்து நேரே மெய்யம்மையிடம் போனார்.

"பிடிச்சிட்டேன் அம்மா. இரட்டைப்பாறை நம்ம பக்கத்துப் பாதை. அது அடைபட்டதுன்னா அடியார்கள் எல்லாரும் மேற்கு வழியாப் போவாங்க. காணிக்கை அங்க விழும். அதுக்குத்தான் இது."

"பாதையைப் பாத்தீங்களா?"

"இல்லை."

"பாத்துட்டு வாங்க."

ஆடு மேய்க்கும் சடையனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தாணுலிங்கம் மலை ஏறினார். மடத்தின் வரைபடத்தில் பாதிச் செய்தி சடையன் சொன்னதுதான். மாசியிலிருந்தே அவன் ஆட்டை வேறு சரிவில் மேய்த்து வந்ததால் இரட்டைப்பாறைப் பக்கம் போகவில்லை.

இருவரும் போய்ப் பார்த்தார்கள். இரண்டு பாறைகளுக்கு நடுவில் மூன்றாவதாக ஒரு பாறை உருண்டு விழுந்து கிடந்தது. வேரோடு சாய்ந்த ஒரு மரமும் அதன் மேல் கிடந்தது. ஆடு கூடப் போக முடியாது.

தாணுலிங்கம் அதைத் தட்டிப் பார்த்தார். பாறை பாறையாகத்தான் இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது அவருக்கு.

இறங்கும்போது கேட்டார். "சடையா, மேற்கு மடத்து ஆளுங்க உன்கிட்ட எப்பவாவது பேசியிருக்காங்களா?"

"பாத்தா பேசுவாங்க சாமி. வெத்திலை குடுப்பாங்க."

"என்ன கேப்பாங்க?"

"ஆடு சௌக்கியமான்னு கேப்பாங்க."

அடிவாரம் வரை தாணுலிங்கம் அதையே மனதில் புரட்டிக்கொண்டு இறங்கினார். ஆடு சௌக்கியமா என்று ஒருவன் சும்மா கேட்பானா?

மடத்துக்கு வந்ததும் மெய்யம்மை கேட்டார். "பாதை எப்படி?"

"அடைபட்டுத்தான் கிடக்கு. ஆனா அம்மா, பெரிய பொய்யைச் சொல்லப் போறவன் முதல்ல பத்து உண்மையைச் சொல்லுவான். நான் எத்தனையோ பாத்திருக்கேன்."

"அப்ப பதினொண்ணாவதையும் பாத்துடுங்க."

அவர் பார்த்தார். சுனைகளைப் பார்த்தார், குகைகளைப் பார்த்தார். முடிந்த இடத்துக்கு நடந்து போனார், முடியாத இடத்துக்கு ஆள் விட்டார். எழுதியிருந்ததெல்லாம் எழுதியபடியே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் சொன்னவர் பெயரும் பருவமும் ஒழுங்காக இருந்தன. அவருக்கு அதுவே உறுத்தியது. இவ்வளவு சுத்தமான சரக்கை அவர் கண்டதே இல்லை. வேறு வழியில்லாமல் ஒருநாள் அதை மடத்தின் வரைபடத்தோடு சேர்த்தார்.

பிறகு கிழக்கு மடத்தின் வரைபடத்தை ஏற்றுமதி செய்ய உட்கார்ந்தார்.

போகிற பெட்டியை அவர் அவ்வளவாகப் பார்த்ததில்லை. துறைமுகத்திலும் அப்படித்தான். கள்ளம் இருந்தால் வருகிற சரக்கில்தான் இருக்கும்.

மென்பொருள் கேட்டது: தலைப்புகளைச் சேர்க்கவா? இணைப்புகளைச் சேர்க்கவா? சூழல் விவரங்களைச் சேர்க்கவா?

மூன்றாவது கேள்வியில் அவர் கை நின்றது.

சூழல் விவரம் என்றால் சொன்னவர்களின் பெயர்கள். சடையன் பெயர் அதில் இருக்கிறது. தேன் எடுக்கும் குடும்பங்களின் பெயர்கள் இருக்கின்றன. அதை மேற்கே கொடுத்தால் என்ன ஆகும்? வெற்றிலை கொடுக்கிறவர்கள் நாளைக்கு வேட்டி கொடுப்பார்கள். சடையன் அந்தப் பக்கம் போய்விடுவான். பழம் போகட்டும், மரம் போகக் கூடாது.

அந்தக் கேள்விக்கு எதிரே கட்டத்தில் இருந்த குறியை எடுத்தார். கோப்பு இறங்கியது. ஆள் மூலம் அனுப்பி வைத்தார்.

"அனுப்பிட்டீங்களா?" என்று மெய்யம்மை கேட்டார்.

"அனுப்பிட்டேன் அம்மா."

"சரி," என்றார் மெய்யம்மை. தன் வேலையைப் பார்க்கப் போனார்.

முழுநிலவு நாள் வந்தது. காலையிலிருந்தே அடியார்கள் சாரிசாரியாக ஏறினார்கள். மடத்து வாசலில் தாணுலிங்கம் உட்கார்ந்து வழி சொன்னார். மேற்கிலிருந்து வந்த செய்திகளும் இப்போது அவர் கையில் இருந்தன. இரட்டைப்பாறை வழியாக ஒருவரையும் அவர் விடவில்லை.

உச்சி வெயில் சாயத் தொடங்கியபோது மேலேயிருந்து கூச்சல் கேட்டது.

நான்கு பேர் வேட்டியைத் தூளியாகக் கட்டி ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே ஏழெட்டுப் பெண்களும் சில குழந்தைகளும். எல்லோருக்கும் உதடு வெடித்திருந்தது. எல்லோரும் மேற்குப் பக்கத்து ஜனங்கள்.

தூளியில் இருந்தவள் பெயர் பொன்னுத்தாய். கண் செருகியிருந்தது. தொட்டால் மேலெல்லாம் நெருப்பாய்ச் சுட்டது. வியர்வை இல்லை.

மெய்யம்மை ஓடி வந்தார். நிழலில் கிடத்தச் சொன்னார். ஈரத்துணிகளைக் கொண்டு வரச் சொன்னார். ஒருவர் வண்டிக்குப் போன் செய்தார். மற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலை தாணுலிங்கத்துக்கு வந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்.

கூட்டத்தை அழைத்து வந்தவள் கோசலை என்ற பெண். மேற்கு மடத்துச் சீடர். ஐம்பது வயதிருக்கும். குழந்தைகள் எல்லாம் குடித்த பிறகுதான் அவள் தண்ணீரை வாங்கினாள்.

"என்ன ஆச்சு?" என்றார் தாணுலிங்கம்.

"உச்சியில கும்பிட்டுட்டு உங்க பக்கமா, பாலிச்சுனை வழியா இறங்கினோம் ஐயா. அங்க தண்ணி இருக்கும்னு நினைச்சோம். சொட்டு இல்லை. பொன்னுத்தாய் தன் பாட்டில் தண்ணியையும் பிள்ளைங்களுக்குக் குடுத்துட்டா. சுனைதான் வருதேன்னு."

"பாலிச்சுனையிலயா? சித்திரையிலயா?"

"ஆமா ஐயா. உங்க வரைபடத்தில இருந்துச்சு. பாலிச்சுனை, குடிநீர் உண்டுன்னு."

தாணுலிங்கத்தின் முதுகு நிமிர்ந்தது.

"தை மாசம் வரைக்கும்தான்னு அதுலயே இருக்குமே."

"அப்படி ஒண்ணும் இல்லையே ஐயா. நான்தானே பாத்தேன்."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். துறைமுகத்தில் எத்தனையோ முகங்களைப் பார்த்தவர். பொய் சொல்கிறவன் கண்ணைச் சிமிட்டுவான், அல்லது சிமிட்டவே மாட்டான். இவள் சாதாரணமாகச் சிமிட்டினாள். களைப்பாக இருந்தாள். தேர்ந்த ஆள் என்று நினைத்துக்கொண்டார்.

"வந்த கோப்பை நீங்க சோதிக்கலையா?"

"எதுக்கு ஐயா?" என்றாள் கோசலை.

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். பிறகு அவளே சொன்னாள். "இந்த வருஷ வெயிலுக்கு சீக்கிரம் வத்திப் போயிருக்கும். அது உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க மனசைப் போட்டு வருத்திக்காதீங்க."

அவளுடைய இரக்கம் அவருக்குள் முள்ளாய்த் தைத்தது. நம்மை மன்னிக்கிறாளாம். எதற்கு மன்னிக்கிறாள்? தை வரை என்று எழுதியிருந்ததை அழித்துவிட்டு, ஊரறிய நம் மேல் பழி போட்டு, பிறகு பெரிய மனதோடு மன்னிப்பது. இதற்காகத்தான் கோப்பே கேட்டார்களோ?

வண்டி வந்தது. பொன்னுத்தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கோசலை கூடவே ஏறிக்கொண்டாள்.

மறுநாள் காலை செய்தி வந்தது. பொன்னுத்தாய் கண் விழித்துவிட்டாள். பேசுகிறாள். இன்னும் ஒரு நாழிகை தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னாராம்.

மடத்தில் எல்லோரும் கும்பிட்டார்கள். தாணுலிங்கமும் கும்பிட்டார். கும்பிட்ட கையோடு மெய்யம்மையிடம் போனார்.

"அம்மா, ஒரு உயிர் பிழைச்சுது. நல்லது. ஆனா பேச வேண்டியதைப் பேசணும். பாலிச்சுனையில தை வரைக்கும்தான் தண்ணின்னு சடையன் சொல்லி, நான்தான் என் கையால ஏத்தினேன். மேற்கே அதை அழிச்சிருக்காங்க."

"எதுக்கு அழிக்கணும்?"

"நம்ம பேரைக் கெடுக்க."

"அவங்க ஜனங்களையே சாகவிட்டா?"

"நான் பாத்த உலகத்தில அதுவும் உண்டு அம்மா."

மெய்யம்மை மறுக்கவில்லை. எழுந்து கணினி இருக்கும் அறைக்கு நடந்தார். தாணுலிங்கம் பின்னால் போனார்.

"புதுசா ஒரு வரைபடம் திறங்க. உள்ள எதுவும் இருக்கக் கூடாது."

அவர் திறந்தார். வெறும் திரை.

"அவங்களுக்கு அனுப்பின கோப்போட பிரதி இருக்கா?"

"இருக்கு."

"அதை இதுல இறக்குமதி பண்ணுங்க."

"நம்ம கோப்பையா? நம்ம கோப்பை எதுக்கு அம்மா நாமே..."

மெய்யம்மை திரையைக் காட்டினார். தாணுலிங்கம் இறக்கினார். வெறும் திரையில் ஒவ்வொன்றாகத் தலைப்புகள் முளைத்தன. ஆனைக்கல். கரடிக்குகை. பாலிச்சுனை. நடுவே கோடுகள் ஓடின.

"நீங்க மேற்கேயிருந்து வர்றீங்க. இந்த மலையை முன்னப்பின்னப் பாத்ததில்லை. கூடப் பிள்ளைங்க இருக்கு. தாகம். கேளுங்க."

தாணுலிங்கம் பாலிச்சுனையைத் தொட்டார்.

குடிநீர் உண்டு.

கோட்டைத் தொட்டார். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் தொட்டார்.

"எந்தப் பருவத்துக்கு?" என்றார் மெய்யம்மை.

"இல்லை."

"யார் சொன்னது?"

"இல்லை."

அவர் குரல் இறங்கிவிட்டது. வேறொரு சுனையைத் தொட்டார். இன்னொரு பாதையைத் தொட்டார். மழைக்காலத்தில் போகக் கூடாத பாதை போகலாம் என்றது. எங்கும் பருவம் இல்லை.

ஏற்றுமதித் திரையைத் திறந்து பார்த்தார். மூன்று கட்டங்கள். மூன்றாவது காலியாக இருந்தது. சூழல் விவரம். அவர் எடுத்தது சடையன் பெயரை. ஆனால் சடையனும் தை மாதமும் ஒரே கட்டத்துக்குள் இருந்தார்கள்.

"நான்தான் எடுத்தேன்," என்றார் தாணுலிங்கம்.

மெய்யம்மை அவரைப் பார்த்தார்.

"பேரு போகக் கூடாதுன்னு எடுத்தேன் அம்மா. சடையனை அவங்க இழுத்துக்குவாங்கன்னு. காலமும் கூடப் போயிடும்னு தெரியலை. திறந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பாக்கலை."

"எனக்கும் தெரியாது. அனுப்பிட்டீங்களான்னுதான் கேட்டேன். எதை அனுப்பினீங்கன்னு கேக்கலை," என்றார் மெய்யம்மை.

வெளியே யாரோ முற்றம் பெருக்கும் சத்தம் கேட்டது.

தாணுலிங்கம் நாற்காலியில் நன்றாக உட்கார்ந்தார். மூன்று கட்டங்களிலும் குறியிட்டார். புதிதாக ஏற்றுமதி செய்தார். இறங்கிய கோப்பை இன்னொரு வெறும் வரைபடத்தில் ஏற்றி, சுனை சுனையாகத் தொட்டுப் பார்த்தார். தை வரை, சடையன் சொன்னது என்று வந்தது. கரடிக்குகைக்கும் வந்தது. மழைப்பாதைக்கும் வந்தது. வெயில் ஏறி, அறைக்குள் வந்து, போகும் வரை பார்த்தார்.

பிறகு நல்லசிவத்துக்கு ஒரு மடல் எழுதினார். முதல் கோப்பில் என்ன இல்லை, அதை எடுத்தது யார், எதற்காக எடுத்தார் என்று ஒன்றையும் விடாமல் எழுதினார். அவர்கள் சடையனுக்கு வெற்றிலை கொடுத்ததைச் சந்தேகப்பட்டது வரை எழுதினார். அடியில் கையெழுத்துப் போட்டார்.

மெய்யம்மை வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஆள் கையில குடுக்கலை அம்மா. நானே கொண்டு போறேன். பொன்னுத்தாயையும் பாத்துட்டு வர்றேன்."

"போயிட்டு வாங்க."

"முகத்தில காறித் துப்புவாங்க."

"இருக்கலாம்."

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். வாசல் வரை போனவர் நின்றார். திரும்பினார். சோதித்த வரைபடம் இன்னும் திரையில் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கலை அம்மா."

"கேளுங்க."

"அந்த முதல் கோப்பில யார் பேரும் இல்லை. காலம் இல்லை. நான் சுங்கத்தில இருந்தப்ப அப்படி ஒரு சரக்கு வந்தா வாசல்லயே நிறுத்தியிருப்பேன். பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு, கையில இருந்த தண்ணியையும் குடுத்துட்டு, யாரை நம்பி அவங்க மலை ஏறினாங்க?"

மெய்யம்மை கணினியை அணைத்தார்.

"உங்களைத்தான் ஐயா," என்றார்.